நெட்டையனின் இடது குதிகால்

காலையில் நான் டீ குடிப்பதில்லை. பிடிக்காமல் இல்லை. குடித்தால் பத்து, பத்தரை மணி வரைக்கும் விரல் நுனியில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம். அதனால் நீங்கள் அன்பாகக் கொண்டுவந்து வைத்த இந்தக் கோப்பையை நான் தொடாமல் இருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். குழுவில் ஒருவர்தான் எங்கள் துறைக்காரர், மற்ற இருவரும் சட்டமும் நிர்வாகமும் என்று கேள்விப்பட்டேன். ஆகவே சிலவற்றை விளக்கமாகச் சொல்வேன். துறைக்காரர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அருங்காட்சியகத்தில் என் வேலை, கல்லுக்குள் இருக்கிற எலும்பை வெளியே எடுப்பது. புதைபடிவம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று நிற்கும் எலும்புக்கூடுதான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்களிடம் வரும்போது அது வெறும் பாறாங்கல். கை உடைந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி, சுற்றிலும் சாக்குத்துணியும் பிளாஸ்டருமாக வரும். அதைப் பிரித்து, பேனா அளவில் இருக்கும் ஒரு கருவியால் கல்லை மணல் மணலாக உதிர்க்க வேண்டும். காற்றழுத்தத்தில் அதன் முனை துடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை ஊசி என்போம். ஒரு கணுக்காலை முடிக்க மூன்று வாரம் ஆகும். அந்தக் கொய்ங் சத்தத்தால் எனக்குப் ‘பல் டாக்டர்’ என்று பெயர் விழுந்தது. என் மனைவி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய நிஜ டாக்டர். “ஒரே வீட்டுல ரெண்டு டாக்டர், கொடுத்து வெச்ச ஆளுய்யா நீ” என்று இயக்குநர் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கல்லும் எலும்பும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் பாறையில் இரண்டுமே செங்கல் நிறம். ஊசி கல்லில் இருக்கும்போது ஒரு சத்தம், எலும்பைத் தொட்டதும் இன்னொரு சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கே கல் முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று தீர்மானிப்பது இந்தக் கைதான். நான் நிறுத்திய இடம்தான் எலும்பு. படித்தவர்கள் அதற்குப் பிறகு வந்து அளவெடுப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

என் மனைவி பதினொரு வருஷம் ஒரே ஒரு பிராணிக்குப் பின்னால் அலைந்தாள். அதன் கழுத்து நீளம் என்பதால் நெட்டையன் என்று செல்லப் பெயர் வைத்திருந்தாள். வாலோடு சேர்த்து ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும். ஏறக்குறைய இருபத்துநாலு கோடி வருஷத்துக்கு முன்னால் நாலு காலில் நடந்து, கண்ணில் பட்டதைப் பிடித்துத் தின்று, ஏதோ ஓர் ஆற்றங்கரையில் செத்துப்போனவன்.

ஆர்க்கோசார் என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. இன்று உயிரோடு இருப்பவர்களில் முதலையும் பறவையும் அந்தக் குடும்பத்து வாரிசுகள். டைனோசர்களெல்லாம் பறவைப் பக்கத்து உறவு. காக்கையும் முதலையும் பங்காளிகள் என்றால் சிரிப்பு வரும், ஆனால் விஷயம் அதுதான். அவர்கள் எப்போது பிரிந்து தனிக்குடித்தனம் போனார்கள், பிரியும்போது யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் இந்தத் துறையின் தீராத வழக்கு. அந்தப் பாகப்பிரிவினைக் காலத்து எலும்புகள் உலகத்திலேயே சொற்பம். நெட்டையன் அந்தக் காலத்து ஆள். அவன் பறவைப் பக்கத்தவன், அந்தப் பக்கத்திலேயே ரொம்பப் பழையவன் என்று என் மனைவி நம்பினாள். கழுத்தெலும்பு அவள் பக்கம் பேசியது. தொடையெலும்பில் தசை ஒட்டியிருந்த தழும்பும் அவள் பக்கம்தான். அந்தத் தழும்பு நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால்தான் நிழல் விழுந்து தெரியும். அதனால் அவள் மேசை விளக்கு எப்போதும் சாய்ந்தே கிடக்கும்.

பாக்கி இருந்தது கணுக்கால் மட்டும். முதலைப் பக்கத்தில், குதிகால் எலும்புக்குப் பின்னால் ஒரு குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். நம் குதிகால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவைப் பக்கத்தில் அது இருக்காது, கணுக்கால் கதவுக்கீல் மாதிரி முன்னும் பின்னும் மட்டும் மடங்கும். அன்றைக்குப் பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. ஆக, நெட்டையனுக்குக் குமிழ் இல்லையென்றால் என் மனைவி ஜெயித்தாள். இருந்தால், முதலை வீட்டுப் பிள்ளையைப் பிடித்துவந்து பறவை வீட்டில் உட்காரவைத்தாள் என்று ஊர் சிரிக்கும். பதினொரு வருஷமும் காற்றோடு போகும்.

தினமும் சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நகத்துக்கடியில் இருக்கும் செந்தூசியைப் பார்த்துக்கொண்டே, “இன்னிக்கு என்ன பார்த்தீங்க?” என்று கேட்பாள். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். அத்தனை படித்த பெண், நான் என்ன பார்த்தேன் என்று என்னைக் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக நான் நாள் முழுக்க முதுகு வளையக் குனிந்திருப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் ஒரு பெரிய அருங்காட்சியகம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் மட்டும் பேச்சுவாக்கில் சொன்னாள்: “நெட்டையன் சரியா வரலைன்னா இங்க எனக்கு என்னங்க இருக்கு? அங்கயே போய் வேற எதையாவது பார்க்க வேண்டியதுதான்.” இங்க எனக்கு என்ன இருக்கு என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மனசில் வைத்துச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை.

பிறகு என் மாமியார் தவறிப்போனார். டாக்டர் இவளுக்கு ஏதோ மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் நடக்கிறோமா, மிதக்கிறோமா என்று தெரியாத மாதிரி இருக்கும் என்பாள். வீட்டில் சும்மா இருந்தால் அழுகை வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடு வேலைக்கு வந்தாள். இரண்டு மணி நேரம் என் மேசையில் உட்கார்ந்து நெட்டையனின் கழுத்தில் மூன்றாவது எலும்பைச் சுத்தம் செய்தாள். போகும்போது பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேதி, எந்த எலும்பு, எத்தனை மணி நேரம், யார் என்று அந்தப் புத்தகத்தில் தினமும் எழுத வேண்டும். எங்கள் அறையில் பசையைக் கரைக்கும் திரவம் தெறித்துக்கொண்டே இருக்கும், மை கரைந்துவிடும் என்பதால் எல்லாமே பென்சிலில்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அவள் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் போய், இடது கணுக்காலில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த கல்தோலை எடுக்க உட்கார்ந்தேன். பத்தே முக்காலுக்கு ஊசியின் சத்தம் மாறியது. பதினொன்றரைக்குக் குமிழ் முழுசாகத் தெரிந்தது. பெரிய பட்டாணி அளவு. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, மேலே ஒரு சின்ன பள்ளத்தோடு, ரொம்ப அழகாக இருந்தது. இருபத்துநாலு கோடி வருஷத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். அம்மா போன துக்கம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அப்புறம் பெட்டி கட்டுவாள். ஊசியை எடுத்தேன். குமிழை முழுசாகத் தேய்த்து எடுக்க நாற்பது நிமிஷம் ஆனது. எலும்புத்தூள் பறக்காமல் பக்கத்திலேயே உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டேன். குமிழ் இருந்த இடத்தைச் சமமாக இழைத்து, கல்தூளும் பசையும் குழைத்து ஒரு பூச்சுப் பூசினேன். நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. சுத்தமான வேலை.

பிறகுதான் பதிவுப் புத்தகம் கண்ணில் பட்டது. முந்தின நாள் வரியில் ‘கழுத்து, மூன்றாவது எலும்பு’ என்று எழுதியிருந்தாள். அதை ரப்பரால் அழித்துவிட்டு, அவள் எழுத்து மாதிரியே ‘இடது கணுக்கால், குதிகால்’ என்று எழுதினேன். கையெழுத்தைத் தொடவில்லை, அது அவளுடையதே. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தப் பெண் அழுது அழுது ஓய்ந்திருந்தாள். தான் தேடியதைத் தானே தன் கையால் கண்டுபிடித்ததாக இருக்கட்டுமே என்று தோன்றியது. ஒரு பரிசு மாதிரி கொடுத்தேன். அன்றைக்கு என் மனசில் வேறு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவளிடம் சொன்னேன்: “ஞாயித்துக்கிழமை நீயே கணுக்காலை முடிச்சிட்டியே, தெரியுமா?”

“நானா? நான் கழுத்துல இல்ல இருந்தேன்?”

“கொஞ்ச நேரம் கழுத்துல இருந்தே. அப்புறம் கணுக்காலுக்கு மாறிட்டே. மாத்திரை மயக்கத்துல உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது. மிச்சம் மீதியை நான் நேத்து துடைச்சு வெச்சேன். வந்து பாரு.”

வந்து பார்த்தாள். புத்தகத்தில் தன் கையெழுத்தையும் பார்த்தாள். விரலால் அந்த இடத்தைத் தடவினாள். “குமிழ் இல்லீங்க” என்றாள். “இல்ல” என்றேன். சிரித்தாள், உடனே அழுதாள், என் தோளில் சாய்ந்துகொண்டாள். “அம்மா இருந்திருந்தா முதல்ல அவங்களுக்குத்தான் போன் பண்ணியிருப்பேன்” என்றாள். என் உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததில்லை.

கட்டுரை வெளியானது. உலகம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னது ஒரே கதை: அம்மா இறந்த வாரம், மனசு எங்கோ இருந்தபோது, என் கையாலேயே அந்தக் குதிகாலைக் கல்லிலிருந்து எடுத்தேன். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் ஏழாவதாக வந்திருந்தது, ஜீப் ஓட்டியவருக்கு அடுத்து. அகர வரிசைப்படி போட்டதாகச் சொன்னாள். நானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், அகர வரிசை இல்லை.

இவ்வளவு செய்த பிறகு அவள் இங்கேயே இருப்பாள் என்று நினைத்தேன். அந்த வெளிநாட்டு அருங்காட்சியகம் மறுபடியும் கூப்பிட்டது, இந்தத் தடவை தனிப் பிரிவு, தனி அறை, எல்லாம். போகிறேன் என்றாள். “ஒரு வருஷம்தாங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

“நானும் வரட்டுமா?”

“வந்து என்ன பண்ணுவீங்க? அங்க எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடறாங்க. கல்லை உடைக்கவே வேண்டாம். உங்களுக்குப் போரடிக்கும்.”

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். விமானம் ஏற்றிவிட்டு, பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தேன். முதல் மாசம் தினமும் போன் வந்தது. இரண்டாவது மாசம் வாரத்துக்கு இரண்டு தடவை. என்ன பார்த்தீங்க என்று கேட்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியும், ஆனால் அந்தத் தேதி உங்களுக்குத் தேவையில்லை. நாலாவது மாசம், “இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நானும் சரின்னுட்டேன்” என்றாள். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றேன். போனை வைத்தேன்.

இப்போது பதினேழாம் நம்பர் கட்டுக்கு வருகிறேன். நெட்டையன் மூன்று கல்லாக வந்தவன். ஒன்றில் தலையும் கழுத்தும், இன்னொன்றில் இடுப்பும் இடது காலும். மூன்றாவதுதான் எங்கள் அலமாரிக் கணக்கில் பதினேழாம் நம்பர். பிளாஸ்டரின் ஓரத்தில் ஒரு கால்விரல் நகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது பாதம் உள்ளே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே அதை எடுத்து, அடித்தட்டில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மனைவி கேட்டபோது, “விலா எலும்புத் துண்டுங்கதான், அவசரமில்லை” என்றேன். என் வார்த்தையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

துறைக்காரர் என்னைக் கூர்ந்து பார்க்கிறார். கேள்வி எனக்கே தெரிகிறது. உதவிதான் நோக்கம் என்றால் பதினேழையும் அப்போதே தீர்த்துக்கட்டியிருக்கலாமே, எதற்குப் பத்திரமாக வைத்திருந்தாய்? நியாயமான கேள்வி. ஓர் எலும்பை அழித்ததற்கே எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொன்றைத் தொட முடியவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அந்தப் போன் வந்த மறுநாள் பதினேழைப் பிரித்தேன். ஆறு வாரம் ஆனது, அவசரப்படவில்லை. வலது குதிகாலில் குமிழ் இருந்தது. ஒரு கீறல்கூட விழாமல் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை அதுதான் என்று சொல்லலாம். அதைப் பஞ்சில் வைத்து இயக்குநர் மேசைக்குக் கொண்டுபோனேன். “சார், இதை நீங்க பார்க்கணும். மறைக்க என் மனசாட்சி இடம் தரல” என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “உங்க வீட்டம்மா பேர் கெடுமேய்யா” என்றார். “உண்மைன்னு ஒண்ணு இருக்கே சார்” என்றேன்.

ஒன்பதாவது நாள் அவள் ஊர் திரும்பினாள். உங்களுக்கு முன்னால் இருந்த குழு இடது குதிகாலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. பூச்சுக்கு அடியில் ஊசித் தடம் இருந்தது. யார் செய்தது? பதிவுப் புத்தகம் அவள் பெயரைச் சொன்னது. பத்திரிகையில் அவளே நூறு தடவை சொல்லியிருந்தாள், என் கையாலேயே எடுத்தேன் என்று. அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்கள். “எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா கையெழுத்து என்னோடதுதான்” என்றாள். தெரியாமல் கைதவறியிருந்தால் பூசி மெழுகியது யார் என்று கேட்டார்கள். அதற்கும் ஞாபகம் இல்லை என்றாள். ஒருவரும் நம்பவில்லை.

அவளுக்காகப் பேச ஓர் ஆளாவது வேண்டுமே என்று நான் போனேன். அம்மா இறந்த நேரம், கடுமையான மாத்திரை, பதினொரு வருஷ உழைப்பு, மனுஷங்கதானே, கருணை காட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவரைக்கும் குழுவில் ஒருவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்ததாம். நான் பேசிய பிறகு அதுவும் போய்விட்டதாம். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே இருந்த பதவியும் போனது, இங்கே இருந்த வேலையும் போனது. கூடத்தில் நெட்டையன் நின்ற பெட்டியை மூடிவிட்டு, அந்த இடத்தில் ஒரு செடித்தொட்டியை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம். நான் சாயங்காலம் கதவைத் திறந்தால் அவள் உள்ளே இருப்பாள். ஜன்னலோரம், அதே நாற்காலி. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். அவள் கேட்காவிட்டாலும் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று நானே சொல்வேன். தலைவாரி விடுவேன். என் மைத்துனன், அவளுடைய தம்பி, முதலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தான். “அக்கா இதைப் பண்ணியிருக்கவே மாட்டா மாமா, எனக்குத் தெரியும்” என்று அவள் எதிரிலேயே சொல்வான். கேட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் அவள் விசும்பிக்கொண்டிருப்பாள். “ஆள் வந்தா அவளுக்குப் படபடப்பு வருது மாப்ளே, கொஞ்ச நாள் வராம இரு” என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். தோழிகளிடமும் அப்படியே. வீடு அமைதியானது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியான வருஷங்கள் அவைதான் என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

ஆறு மாசத்துக்கு முன்னால் வேறொரு நாட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. நெட்டையன் மாதிரியே ஒன்று. கழுத்து பறவைப் பக்கம், தொடைத் தழும்பு பறவைப் பக்கம், ஆனால் குதிகாலில் முதலைக் குமிழ். அந்தக் குமிழ் முதலைக்கு மட்டும் சொந்தமில்லை, இரண்டு பங்காளிகளுக்கும் பொதுவான பூர்வீகச் சொத்து, பறவைப் பக்கம் அதைப் பின்னால்தான் தொலைத்தது என்று எழுதியிருந்தார்கள். பாடப்புத்தகத்தையே மாற்ற வேண்டிய கண்டுபிடிப்பு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். மைத்துனன் அதைத் தபாலில் அனுப்பிவிட்டான். நான் வேலையில் இருந்தபோது வந்திருக்கிறது, இல்லாவிட்டால் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் பேசினாள். நாலு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. “புரியுதாங்க? குமிழ் இருந்ததுதான் சரி. அப்படியே விட்டிருந்தா நாமதான் முதல்ல. நம்ம அலமாரியில இருந்தான் அவன். நானே என் கையால தேய்ச்சு அழிச்சிருக்கேன். ஜெயிக்கணும்னு வெறி பிடிச்சு, ஜெயிச்சதையே அழிச்சிருக்கேன். நான் எவ்வளவு கேவலமான பொம்பளை” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கும் அது புதுச் செய்திதான். அந்தப் பட்டாணி அளவுக் குமிழ் அவளைக் கவிழ்க்கும் என்றுதான் நினைத்தேன், தூக்கி நிறுத்தியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தவனில்லை. அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். “விடும்மா. மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். நான் உன்னை அன்னிக்கே மன்னிச்சிட்டேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு உதவி கேட்டாள். பழைய பதிவுப் புத்தகத்தை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா, என் தப்பை நானே கண்ணால பார்த்துட்டா மனசு ஆறும் என்றாள். விதிப்படி கூடாதுதான். அவள் நாலு வருஷத்தில் கேட்ட முதல் பொருள் அது, மறுக்க முடியவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது நாள் நான் வீட்டுக்கு வந்தபோது, மேசையில் புத்தகம் திறந்திருந்தது, விளக்கு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண் கூசியிருக்கும் என்று நானே நிமிர்த்தி வைத்தேன்.

இந்தக் குழு போடப்பட்டதும், எனக்கு நோட்டீஸ் வந்ததும் உங்களுக்கே தெரியும். அழித்த எழுத்தின் பள்ளம் காகிதத்தில் இருக்கிறது, ‘கழுத்து’ என்று படிக்க முடிகிறது என்றீர்கள். படிக்க முடிகிறது என்றால் நான் எதற்கு மறுக்க வேண்டும்? நான்தான் அழித்தேன். குமிழை எடுத்ததும் நான்தான். பூசியதும் நான்தான், பதினேழைத் திறந்ததும் நான்தான். அவள் அந்தக் குதிகாலில் ஒரு நிமிஷம்கூட ஊசி வைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் என்னைப் பிடிக்காதவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்கள் வேலையாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவள் தன் தப்போடு ஒருமாதிரி சமாதானமாகிவிட்டாள். இப்போது போய் நீ ஒன்றுமே செய்யவில்லை என்றால் அந்த நாலு வருஷத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவளைத் தாங்குவதற்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், சாயங்காலம் வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள்.

அவள் தேறிக்கொண்டு வருகிறாள், அதுதான் எனக்கு ஆறுதல். இன்று காலை எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்து, வேலைக்குப் போன காலத்தில் போட்ட உடையைப் போட்டுக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்துப் போட்டிருந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, “எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிடுங்க. பாதியில நிறுத்திடாதீங்க” என்றாள். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை, பொதுவாக என் நல்லதுக்குச் சொன்னாள். வாசலில் மைத்துனன் காரோடு நின்றான். அவளுடைய இரண்டு பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பேசவில்லை. பழைய துணிமணி ஏதாவது கொடுத்து அனுப்புகிறாள் போலிருக்கிறது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நான் மறைகிற வரைக்கும் கதவருகில் நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி தெரிந்திருந்தால்கூட ஒரு மனைவி அப்படி நின்று வழியனுப்புவாளா, நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடிந்தால் நல்லது. அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.